மண்ணுக்குள் இருப்பதற்கு யார் பொறுப்பு?

எங்கள் கடையின் கடன் கொப்பியில் இன்னும் கோடு போட்டு மூடப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. சீமெந்து, கம்பி, பலகை, வாடகைக்குக் கொடுத்த தண்ணீர்ப் பம்ப் என்று எல்லாம் சேர்த்து ஆறு இலட்சம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பணத்தை என்னிடம் வாங்கியவர் ஏமாற்றுக்காரர் அல்ல. ஐந்து வேளையும் தொழுகின்ற, சொன்ன திகதியில் காசைக் கொண்டுவந்து தருகின்ற ஒரு நல்ல மனிதர். மேசன் பாஸாக இருந்து கொந்தராத்துக்காரராக உயர்ந்தவர்.

துறைமுகத்துக்குக் கிட்டிய ஒரு கட்டடத்துக்கு நிலத்தடித் தண்ணீர்த் தாங்கியும் அதையொட்டி ஒரு கீழ்த்தளக் களஞ்சிய அறையும் கட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. மொத்தத் தொகை பேசி, ஒரே தாளில் கையெழுத்து வைத்தார்கள். "மணல்தானே காக்கா, மூணு நாளையில தோண்டிருவன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் சீமெந்து ஏற்றினார்.

திருகோணமலை மண்ணைப் பற்றி எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வளவில் மணல், அடுத்த வளவில் பாறை. அவருக்கு இரண்டும் ஒரே குழிக்குள் கிடைத்தன. ஒரு மூலையில் நாலடியில் கருங்கல்; மறு மூலையில் ஆறடியில் தண்ணீர். பெக்கோவுக்குப் பிரேக்கர் பூட்ட வேண்டி வந்தது. இரவு பகலாகப் பம்ப் ஓடியது. கரை சரிந்து, பக்கத்து மதில் வெடித்தது. அந்த மதிலையும் அவர்தான் கட்டிக் கொடுத்தார். கட்டடச் சொந்தக்காரர் தாளைக் காட்டினார். அதில் மொத்தத் தொகை மட்டும் இருந்தது. மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் அவர் வேலையைப் பாதியில் விட்டு, மனைவியின் நகையை விற்றுக் கூலி கொடுத்துவிட்டு, கட்டார் போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்தக் குழிக்குள் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. அந்தத் தாளில் கையெழுத்தும் போடவில்லை. ஆனாலும் குழிக்குள் இருந்த பாறையின் விலையில் ஒரு பங்கு என் கொப்பியில் வந்து விழுந்துவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் ஆபத்தை யாரும் எழுத்தில் பொறுப்பேற்காவிட்டால் அது காணாமல் போய்விடாது. தாங்க முடியாதவன் தலையில் போய் இறங்கும்.

இது ஒரு சின்னக் குழியின் கதை. பல்லாயிரம் கோடி ரூபா செலவில் மலையைக் குடைந்தவர்களுக்கும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

பண்டாரவளை வீடுகளில் விழுந்த வெடிப்பு

உமா ஓயாத் திட்டத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊவா மலையில் புஹுல்பொல, டயரபா என்ற இரண்டு இடங்களில் அணை கட்டி, தண்ணீரைச் சுமார் 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக மலைக்குள்ளால் கொண்டுபோய், நிலத்துக்கு அடியிலேயே அமைத்த மின் நிலையத்தில் 120 மெகாவோட் மின்சாரம் எடுத்து, பிறகு அந்தத் தண்ணீரைக் கிரிந்தி ஓயாப் பக்கம் வறண்ட வயல்களுக்கு விடுவதுதான் திட்டம். 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் இலங்கை வந்தபோது ஆரம்பித்து வைக்கப்பட்டது. ஈரானின் பராப் நிறுவனம் கட்டுமானத்தைப் பொறுப்பேற்றது. மொத்தச் செலவு 529 மில்லியன் டொலர். அதில் 85 வீதத்தை ஈரானிய ஏற்றுமதி அபிவிருத்தி வங்கி கடனாகத் தருவதாக ஏற்பாடு.

முதல் நிச்சயமின்மை மண்ணிலிருந்து வரவில்லை, வங்கியிலிருந்து வந்தது. ஈரான் மீதான சர்வதேசத் தடைகளால் 2013 வரையில் சுமார் 50 மில்லியன் டொலர்தான் அந்த வங்கியால் தர முடிந்தது. மீதியை இலங்கை அரசாங்கமே தேட வேண்டியதாயிற்று.

இரண்டாவது நிச்சயமின்மை மலைக்குள் காத்திருந்தது. 2014 டிசம்பரில் பிரதான சுரங்கத்தைக் குடைந்துகொண்டிருந்த இயந்திரம் வெடிப்பு நிறைந்த பாறை வலயம் ஒன்றைத் தொட்டது. தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. சுரங்கத்துக்குள் வந்த தண்ணீர் எங்கேயோ மேலே இருந்துதானே வந்திருக்க வேண்டும்! பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. பாறை இடுக்குகளிலும் அதற்கு மேலுள்ள மண்ணிலும் நின்ற தண்ணீர் வடிந்தபோது, அந்தத் தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த மண் அமுங்கியது. மண் அமுங்கியதும் வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஆயிரக்கணக்கான வீடுகள் பாதிக்கப்பட்டன. 2017இல் மறுபடியும் பெரிய கசிவு ஏற்பட, பண்டாரவளை மக்கள் கடைகளை மூடிப் பாதையில் இறங்கினார்கள்.

சுரங்கம் தோண்டுகிறவர்களிடம் இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. இயந்திரத்துக்கு முன்னால் நீளமான சிறு துளைகளைப் போட்டுப் பார்ப்பார்கள். துளையில் தண்ணீர் பீறிட்டால், குடைவதை நிறுத்திவிட்டு, அந்தத் துளைகள் வழியாகச் சீமெந்துக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்தி, பாறையின் இடுக்குகளை அடைத்த பிறகே முன்னால் போவார்கள். இதற்கு நாளும் செலவாகும், காசும் செலவாகும். ஆனால் தண்ணீர் பாய ஆரம்பித்த பிறகு அடைப்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டம். ஓடுகிற தண்ணீர் சீமெந்தை இறுக விடாமல் அடித்துக்கொண்டு போய்விடும்.

2015இல் முடியும் என்று எதிர்பார்த்த திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதிதான் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்கவாலும் ஈரான் ஜனாதிபதி இப்ராஹீம் ரயீசியாலும் திறந்து வைக்கப்பட்டது. இன்று அதனால் நாட்டுக்கு மின்சாரம் கிடைக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் கிணறு வற்றிய மனிதன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதவன். நட்டஈடு கிடைப்பதற்கு முன்னால் தண்ணீரை அவன் பவுசரில் வாங்கிக் குடித்தான்.

நமது நாட்டு மண் இந்தப் பாடத்தை இதற்கு முன்பும் சொல்லித்தான் இருந்தது. சமனலவெவ நீர்த்தேக்கத்தில் 1992இல் தண்ணீர் நிரப்பியபோது வலது கரை வழியாக நிலத்தடியால் பெரிய கசிவு ஏற்பட்டது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாகவே குகைகளும் துவாரங்களும் இருந்தன. எவ்வளவோ முயன்றும் கசிவை முற்றாக நிறுத்த முடியவில்லை. கடைசியில் அந்தக் கசிவோடேயே நீர்த்தேக்கத்தை நடத்தப் பழகிக்கொண்டார்கள். கசிகிற தண்ணீர் கீழே கல்தொட்ட வயல்களுக்குப் போகிறது.

தட்டார் கடைகள் மூடிய கதை

வர்த்தகர்களாகிய எமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் கொல்கத்தாவில் இருக்கிறது. அங்கே பௌபஜார் என்பது நகைக் கடைகளும் தட்டார் பட்டறைகளும் நிறைந்த பழைய பகுதி. 2019 ஆகஸ்ட் 31ஆம் திகதி மெட்ரோ ரயிலுக்காக அதற்குக் கீழே சுரங்கம் குடைந்த இயந்திரம் நிலத்தடி நீர்ப்படை ஒன்றில் முட்டியது. தண்ணீரோடு மண்ணும் சுரங்கத்துக்குள் இறங்க, மேலே இருந்த பழைய கட்டடங்கள் சரிந்தன. குடும்பங்கள் இரவோடிரவாக உடுத்த துணியோடு வெளியேறின. பட்டறைகள் பூட்டப்பட்டன. 2022இலும் அதே இடத்தில் மறுபடியும் வீடுகள் வெடித்தன. அந்தத் துண்டில் ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில்தான்.

பண்டிகைக் காலத்துக்கு ஓடர் எடுத்து, வாடிக்கையாளரின் பொன்னை வாங்கி வைத்திருக்கும் ஒரு தட்டாரை நினைத்துப் பாருங்கள். மெட்ரோவின் கணக்கில் அது சில ஆண்டுத் தாமதம். அவருக்கு அது முதலும் வாடிக்கையும் போன கதை.

காப்புறுதிக்காரர்கள் கற்றுக்கொண்டது

இந்த விடயத்தில் உலகத்தின் காதைப் பிடித்துத் திருகியவர்கள் பொறியியலாளர்கள் மட்டுமல்ல, காப்புறுதிக் கம்பனிகளும்தான். 1994 ஒக்டோபரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கீழே கட்டிக்கொண்டிருந்த ரயில் சுரங்கங்கள் இடிந்து விழுந்தன. இறைவன் கிருபையால் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் மேலே கட்டடங்கள் சரிந்தன, நட்டம் பெருந்தொகையானது. அந்தக் காலத்தில் உலகில் வேறு பல சுரங்கங்களிலும் விபத்துகள் நடந்தன. வசூலித்த கட்டணத்தைவிடக் கொடுத்த இழப்பீடு கூடிப்போனதால், இனிச் சுரங்கங்களுக்குக் காப்புறுதியே கொடுப்பதில்லை என்ற அளவுக்குக் கம்பனிகள் யோசித்தன. பிறகு 2003இல் பிரித்தானியாவிலும் 2006இல் சர்வதேச அளவிலும் ஒரு நடைமுறைக் கோவையைக் கொண்டுவந்தார்கள்.

அதன் சாரத்தை நமது பாஷையில் சொன்னால் இவ்வளவுதான். நடக்கக்கூடிய ஒவ்வொரு ஆபத்தையும் ஒரு பதிவேட்டில் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைக் கவனிக்கும் பொறுப்பாளி யார் என்று எழுது. வேலை நடக்க நடக்க அந்தப் பதிவேட்டைத் திருத்து. இதைச் செய்யாவிட்டால் காப்புறுதி நிற்கும்.

2019இல் சர்வதேசப் பொறியியல் ஆலோசகர்கள் சம்மேளனமான பிடிக், சர்வதேச சுரங்க அமைப்போடு சேர்ந்து நிலத்தடி வேலைகளுக்கென்றே ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. மரகதப் புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று இரு தரப்பும் எதிர்பார்க்கிறார்களோ அதை ஓர் அடிப்படை அறிக்கையாக ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட வேண்டும். மண் அந்த அறிக்கையில் உள்ளதுபோல் இருந்தால், தாமதமும் செலவும் கொந்தராத்துக்காரருடைய பொறுப்பு. அறிக்கையில் சொல்லாதது வெளிப்பட்டால் அது நிலத்துக்குச் சொந்தக்காரருடைய பொறுப்பு. மேலதிக நாளும் காசும் கொடுக்க வேண்டும்.

"அப்படியானால் சொந்தக்காரருக்கு நட்டம்தானே" என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. எல்லா ஆபத்தையும் கொந்தராத்துக்காரர் தலையில் கட்டினால், அறிவுள்ளவர் அதற்கும் சேர்த்து விலையைக் கூட்டிப் போடுவார். பாறை வராவிட்டாலும் அந்தக் காசு போனது போனதுதான். அறியாதவர் குறைத்துப் போட்டு வேலையை எடுப்பார். பாறை வந்ததும் ஓடிவிடுவார். இரண்டிலும் சொந்தக்காரருக்கு இலாபம் இல்லை.

கிணறு தோண்டுபவருக்கு இமாம்கள் சொன்ன தீர்ப்பு

என் கொப்பிக் கதையை எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஹாஜியார், இது கிதாபில் எண்ணூறு வருஷத்துக்கு முன்பே இருக்கிறது" என்றார். ஹிஜ்ரி 620இல் வபாத்தான இமாம் இப்னு குதாமா தமது அல்முக்னி என்ற நூலில் கிணறு தோண்டும் கூலி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறார். எந்த இடம், எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். தோண்டும்போது, பார்த்த மண்ணுக்கு மாறாகக் கடும் பாறை குறுக்கிட்டால், அதை உடைத்தே தீர வேண்டும் என்று தோண்டுபவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. செய்த வேலைக்குரிய கூலியும் உண்டு.

அந்தக் கூலியையும் முழத்தை எண்ணிப் பங்கு போடக் கூடாது என்கிறார் இமாம். ஏனென்றால் மேல் பாகத்து மண்ணை அள்ளுவது இலகு, அடியிலிருந்து அள்ளுவது சிரமம். மரகதப் புத்தகத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு உடனே இந்தக் கிணறுதான் ஞாபகம் வந்தது.

கரர், அதாவது முடிவு தெரியாத மயக்கம் நிறைந்த வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது நாம் அறிந்ததே. ஆனால் எல்லாத் தெரியாமையும் ஹராம் அல்ல. வீடு வாங்குகிறவர் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. அந்தளவு தெரியாமை தவிர்க்க முடியாதது, மன்னிக்கப்பட்டது என்று இமாம் நவவி விளக்கியிருக்கிறார். பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதைப் பார்க்காமல், எழுதி வைக்கக்கூடியதை எழுதாமல், இரண்டில் ஒருவர் நட்டப்படட்டும் என்று விடுவதுதான் பிரச்சினை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அது. நாம்தான் "தெரிந்த ஆள்தானே" என்று எழுதாமல் விடுகிறோம்.

நமது துறைமுகப் பக்கத்தில்

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சீனக்குடாவில் உள்ள 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. 61 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய நிறுவனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. இவை வேலையாக மாறும் நாளில் குழாய் புதைக்க, அத்திவாரம் தோண்ட, வடிகால் வெட்ட என்று துணைக் கொந்தராத்துகள் நம்மவர் கைக்கும் வரும். பெரிய கம்பனிக்கு வக்கீல் இருக்கிறார், காப்புறுதி இருக்கிறது. நமக்கு இருப்பது கடையும் காணியும் மனைவியின் நகையும்தான். ஆகவே சில விடயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, விலை போடுவதற்கு முன் ஒரு நாள் பெக்கோவை வாடகைக்கு எடுத்து, நாலு மூலையிலும் சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். அயலில் கிணறு தோண்டியவரிடம் விசாரியுங்கள். பார்த்த மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓகஸ்டில் காய்ந்து கிடக்கும் குழி மாரி மழைக்குப் பிறகு டிசம்பரில் குளமாக இருக்கும்.

இரண்டாவது, எதை நம்பி விலை போட்டீர்கள் என்பதை விலைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். "எட்டடி வரை மணல், பாறை இல்லை, எட்டடிக்கு மேல் தண்ணீர் இல்லை என்ற அடிப்படையில் இந்த விலை. பாறை வந்தால் கியூப் ஒன்றுக்கு இவ்வளவு. தண்ணீர் இறைக்க நாளொன்றுக்கு இவ்வளவு." இந்த மூன்று வரிகள் போதும்.

மூன்றாவது, எதிர்பாராதது வந்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். படம் எடுங்கள். சொந்தக்காரரை அன்றைக்கே வரவழைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பாறையை உடைத்து அள்ளிய பிறகு "பாறை இருந்தது" என்று சொன்னால் யார் நம்புவார்?

நாலாவது, தோண்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுச் சுவர், மதில், கிணறு எல்லாவற்றையும் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே படம் எடுத்து வையுங்கள். பழைய வெடிப்புக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. புதிய வெடிப்பை அவருடைய தலையில் கட்டுவதும் கூடாது. அயலவரின் ஹக்கைப் பற்றி நாளை மறுமையில் கேள்வி இருக்கிறது.

ஐந்தாவது, காப்புறுதியோ தகாபுலோ எடுத்தால், எது அதில் சேராது என்ற பக்கத்தை முதலில் வாசியுங்கள். கையொதுக்கமாக ஒரு தொகையை வேறாக வையுங்கள். அதை இலாபம் என்று எண்ணி வாகனம் வாங்காதீர்கள்.

கடைசியாக என்னைப் போல் கடனுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரிகளுக்கு. நிலத்துக்கு மேலே கட்டும் வேலைக்கு வேறு கடன், கீழே தோண்டும் வேலைக்கு வேறு கடன் என்று பிரியுங்கள். கீழ் வேலைக்குக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். அத்தோடு "பாறை வந்தால் யார் பொறுப்பு?" என்று கேளுங்கள். எழுத்தைக் காட்டினால் கொடுங்கள். "அதெல்லாம் வராது" என்று சொன்னால், அந்தப் பாறை உங்கள் கொப்பிக்குள் வந்து விழப்போகிறது என்று அர்த்தம்.

கட்டாருக்குப் போன அந்த நண்பர் இரண்டு நோன்புப் பெருநாளுக்கு முன் ஊருக்கு வந்தார். நேரே கடைக்கு வந்து ஒன்றரை இலட்சத்தை மேசையில் வைத்தார். "மிச்சத்தையும் தருவன் காக்கா, மௌத்தாகிறதுக்கு முந்தித் தந்திருவன்" என்றார். என்னால் பேச முடியவில்லை. அவரோ நானோ செய்த பிழை என்று பார்த்தால், மூன்று வரி எழுதாமல் விட்டது மட்டும்தான். அந்த மூன்று வரிக்காக ஒரு தகப்பன் பிள்ளைகளைப் பிரிந்து பாலைவனத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

கொப்பியில் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. புதிதாகக் கொந்தராத்து எடுக்கும் வாலிபர்கள் கடனுக்கு வந்தால் அதை எடுத்துக் காட்டுகிறேன். அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக.